யாரிடம் சொன்னது?

சென்ற மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பல்கலைக் கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள். சினிமா பார்க்கிறவர்கள் படத்தைப் பற்றிப் பேசும்போது மதத்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். டீக்கடையிலும் திண்ணையிலும் நடந்த அந்தப் பேச்சில் பெரும்பகுதி இப்போது இணையத்துக்குப் போய்விட்டது. ஒரு பாட்டின் கீழே, ஒரு முன்னோட்டத்தின் கீழே, யாரோ சொன்ன விமரிசனத்தின் கீழே ஜனங்கள் இரண்டு வரி, மூன்று வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்ட வரிகளில் பல ஆயிரத்தைச் சேகரித்து, மத விஷயத்தில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று பத்திகளாகப் பிரித்து வைத்திருந்தாள். பிரித்தது பெரும்பாலும் கம்ப்யூட்டர். அதற்குப் பிடிபடாததை அவளே உட்கார்ந்து பிரித்தாள்.

"நீங்கள் நாவல் எழுதுகிறவர். மனிதர்கள் பேசுவதைக் கவனிக்கிறவர். இதைப் படித்துவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும், சார்" என்றாள்.

ஒரு நாவலாசிரியனிடம் இப்படிச் சொன்னால் அவனுக்குத் தலைகால் புரியாது. வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் படித்தேன். உழைப்பு நிஜமான உழைப்பு. அதில் குறை காண எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு சங்கடம் ஏற்பட்டது. வாக்கியங்கள் எல்லாம் இருந்தன; பேசியவர்கள் யாரையும் காணோம். உதாரணமாக, கூப்பிய கைகளின் சிறு படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டர் 'பக்தி' என்று ஆதரவுப் பத்தியில் சேர்த்திருந்தது. நம் ஊரில் கும்பிடு ஒரே வகையானதா? சாமிக்குப் போடுகிற கும்பிடு உண்டு. நன்றி சொல்கிற கும்பிடு உண்டு. 'உன்னோடு பேசி மாளாது, ஆளை விடப்பா' என்று போடுகிற பெரிய கும்பிடும் உண்டு. எந்தக் கும்பிடு என்பது கையைப் பார்த்தால் தெரியாது. எதிரே நிற்பவன் யார் என்று பார்த்தால்தான் தெரியும்.

நான் சொல்ல வந்த விஷயமே இவ்வளவுதான். ஆனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. காரணம், இந்தத் தவற்றை நானே ஒரு தரம் செய்திருக்கிறேன். செய்து அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை சின்ன விலை அல்ல.

இந்திய சினிமாவின் கதையே, படம் பார்த்த ஒருவர் மதத்தைப் பற்றிப் பேசிய பேச்சில்தான் தொடங்குகிறது. 1911-ஐ ஒட்டிப் பம்பாயில் தாதா சாகேப் பால்கே ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றைப் பார்த்தார். கண் முன்னால் ஏசு நடமாடிக்கொண்டிருந்தபோது தம் மனக்கண் முன்னால் கிருஷ்ணனும் ராமனும், கோகுலமும் அயோத்தியும் ஓடிக்கொண்டிருந்ததாக அவர் பிறகு எழுதினார். அந்த எண்ணத்தின் விளைவாக 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. சினிமாச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை எடுத்துச் சொல்லுவார்கள்.

இந்தப் பேச்சை நம் மூன்று பத்திகளில் எதில் போடுவது? கிறிஸ்தவப் படத்தைப் பார்த்து மெய்மறந்திருக்கிறார். ஆதரவு என்று போடலாம். அதைப் பார்க்கும்போதே தன் சாமிகளை நினைத்திருக்கிறார். எதிர்ப்பு என்றும் போட்டுவிடலாம். இரண்டும் அசட்டுத்தனமாக இருக்கும். பால்கே இதை எழுதியது படம் பார்த்த அன்று இரவு அல்ல. 1917-ல், 'நவயுகம்' என்ற மராத்திப் பத்திரிகையில். அதற்குள் அவர் படங்கள் எடுத்துவிட்டார், பணக் கஷ்டம் பட்டுவிட்டார், இது ஒரு சுதேசித் தொழில் என்று தம் ஜனங்கள் உணர்ந்து ஆதரிக்க வேண்டும் என்று கேட்கும் நிலையில் இருந்தார். அந்த ஜனங்களிடம் சொன்னது அது. அதனால் பொய் என்று நான் சொல்லவில்லை. அன்று கொட்டகையில் அவர் மனத்தில் கிருஷ்ணன் நிச்சயம் வந்திருப்பான். ஆனால் எத்தனையோ நினைவுகளில் இந்த ஒன்று மேலே வந்து எழுத்தானதற்குக் காரணம், கேட்டுக்கொண்டிருந்தவர்கள். கேட்பவர்களை வெட்டி எறிந்துவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்தால், பாதிதான் கையில் கிடைக்கிறது.

ரசிகர்களின் மனத்தை அறிய வேண்டும் என்று சர்க்காரே புறப்பட்ட காலமும் உண்டு. 1927-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு சினிமாக் கமிட்டியை நியமித்தது. தலைவர் நம் சென்னை வக்கீல் திவான்பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டி ஊர் ஊராகப் போய் 300-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 1928-ல் அறிக்கை வந்தது. சாட்சியங்களையும் தனித் தொகுதிகளாக அச்சிட்டார்கள். மதத்தைப் பற்றிய கேள்வியும் அதில் உண்டு. புராணப் படங்களுக்கு ஏன் இத்தனை கூட்டம், எந்த மதத்தாருடைய மனமாவது புண்படுகிறதா என்றெல்லாம் விசாரித்தார்கள்.

கேள்விகள் நல்ல கேள்விகள்தான். பதில் சொல்ல வந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். படத் தொழிலில் இருந்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், கல்விமான்கள், தணிக்கைக்காரர்கள், பிரமுகர்கள். தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவன் அந்த மேஜைக்கு எதிரே வந்து நின்றது அபூர்வம். வந்தவர்களில் பலர் தங்களைப் பற்றிப் பேசவில்லை. படிக்காத ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று, அவர்கள் சார்பில் பேசினார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் மற்றவர்கள் கெட்டுப்போவார்கள், மற்றவர்கள் கொதித்தெழுவார்கள்' என்கிற தினுசுப் பேச்சு.

நூறு வருஷம் ஆகப் போகிறது. அந்தத் தினுசு அழியவில்லை. அந்தப் பெண் சேர்த்து வைத்திருந்த வரிகளிலும் அது ஏராளம். 'நான் மதம் பார்க்கிறவன் அல்ல. ஆனால் இந்தக் காட்சி அவர்களைப் புண்படுத்தும்' என்கிறார் ஒருவர். 'எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்த மூடர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது' என்கிறார் இன்னொருவர். சினிமா பார்த்தவர்கள் மதத்தைப் பற்றிப் பேசுவதில் பெரும்பகுதி அடுத்தவனுடைய மதத்தைப் பற்றிய பேச்சு. அடுத்த மதத்துக்காரனைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தன் மதத்திலேயே தன்னை விடப் படிக்காதவனைப் பற்றியதாகவும் இருக்கும். இதைச் சொல்கிறவனுடைய நம்பிக்கை என்று கணக்கெழுதுவது எப்படிச் சரியாகும்?

நம் ஊர்ப் படங்களுக்கு வருகிறேன். தமிழ் ரசிகனைப் பற்றி ஒரு புதிர் போடுவது வழக்கமாகிவிட்டது. 1952-ல் தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'க்கும் கை தட்டினான். 1965-ல் வந்த 'திருவிளையாட'லுக்கும் கை தட்டினான். முன்னதில் கருணாநிதியின் வசனத்தில் கோயிலையும் பூசாரியையும் கூண்டில் ஏற்றிய அதே சிவாஜி கணேசன், பின்னதில் ஏ. பி. நாகராஜனின் டைரக்‌ஷனில் சிவபெருமானாகவே வந்து நின்றார். 'திருவிளையாடல்' வந்த இரண்டு வருஷத்தில் அதே ஜனங்கள் தி. மு. க.வை ஆட்சியில் உட்கார்த்தி வைத்தார்கள். தமிழனுக்கு நாஸ்திகமும் மேல்பூச்சு, பக்தியும் மேல்பூச்சு என்று சிலர் சொல்லுகிறார்கள். வசனத்துக்குத்தான் கை தட்டினான், விஷயத்துக்கு அல்ல என்று சிலர். இரண்டும் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டு சொல்கிற விளக்கங்கள்.

இரண்டு படங்களையும் ஒரே கொட்டகையில், ஒரே கோடைகாலத்தில், 1970-ஐ ஒட்டி, ஒரே மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். அந்த மனுஷி என் அத்தை.

காவேரிக் கரையில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே கீற்றுப் போட்ட டூரிங் டாக்கீஸ். புதுப் படங்கள் வந்து சேர வருஷங்கள் ஆகும். பழைய படங்கள் திரும்பத் திரும்ப வரும். டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்பதற்கு அடையாளமாக ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு வைப்பார்கள். படம் மாறுகிற அன்று சூடம் கொளுத்திக் காட்டுவார்கள். 'பராசக்தி'க்கும் பிள்ளையார் பாட்டுத்தான், சூடம்தான். இதில் முரண்பாடு இருப்பதாக அந்தக் கொட்டகையில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நான் காலேஜில் சேர்ந்து, பகுத்தறிவுப் பிரசுரங்கள் நாலைந்து படித்திருந்தேன். எனக்கு மட்டும் தோன்றிற்று.

அத்தை சின்ன வயசிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்து இருந்தவள். சினிமா ஒன்றுதான் அவளுக்கு ஆசை. தரை டிக்கெட், ஒரு கூஜாத் தண்ணீர், துணைக்கு நான்.

'பராசக்தி'யில் அந்தக் கோயில் காட்சி. ஆதரவில்லாத கல்யாணியைக் கோயிலிலேயே வைத்துக் கெடுக்கப் பார்த்த பூசாரி, அம்மன் சிலைக்கு முன்னால் நிற்கிறான். சிலையிலிருந்து குரல் வருகிறது. பேசுவது சிலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அவள் அண்ணன் குணசேகரன். கொட்டகையே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கை தட்டிற்று. நானும் தட்டினேன். திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை. திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பேசுவது மனுஷன்தான் என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் கையைப் பிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வரப்பில் நடந்துகொண்டே, "நல்லாக் கேட்டான்டா தம்பி, நறுக்குனு கேட்டான்" என்றாள். எனக்குப் பிரமாதமான சந்தோஷம். அத்தை நம் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுத் திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. "என்ன படம் பார்த்துட்டு வர்றே?" என்று கேட்டார். "என்னத்தப் படம்! சாமியத் திட்டுற படம். காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கொல்லைப் பக்கம் அடுத்த வீட்டு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒத்தைப் பொம்பளை, கோயிலுக்குள்ளயும் நிக்க முடியலேன்னா எங்கதான் போயி நிப்பா, சொல்லு" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, உள்ளே போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. குளித்து முழுகி மாரியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டாள். "நேத்து அப்படிச் சொன்னீங்களே அத்தே, இன்னிக்குக் கோயிலா?" என்று மடக்கினேன். "நான் பூசாரியைச் சொன்னேன். அவ என்னடா பண்ணுவா, பாவம்" என்றாள்.

அந்த வருஷமே 'இரண்டு நாக்கு' என்று ஒரு கதை எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. சினிமாக் கொட்டகையில் பகுத்தறிவுக்குத் தலையாட்டிவிட்டு, திண்ணைக்கு வந்ததும் ஆஸ்திக வேஷம் போடும் ஓர் அத்தையைப் பற்றிய கதை. பெயரை மாற்றியிருந்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. வரப்பில் சொன்னதையும் திண்ணையில் சொன்னதையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொல்லையில் சொன்னதை விட்டுவிட்டேன். கும்பிட்ட கையையும் விட்டுவிட்டேன். அது கதைக்குப் பொருந்தவில்லை. கதை நன்றாக இருப்பதாகச் சிலர் கடிதம்கூட எழுதினார்கள்.

பத்திரிகை எப்படியோ பெரியப்பா கைக்குப் போயிற்று. திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். அத்தை உள்ளே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள். அடுத்த படத்துக்கு அடுத்த வீட்டு அம்மாளோடு போய்விட்டு வந்தாள். "படம் எப்படி அத்தே?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சாகிற வரையில், எந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டாலும், அந்த ஒரு வார்த்தைதான் பதில்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அத்தைக்கு இரண்டு நாக்கு இருந்ததாக நான் எழுதியது தப்பு. காலேஜ் பையனிடம் அவனுக்குச் சந்தோஷம் தரும்படி பேசினாள். அவள் அவனை வளர்த்தவள். தன்னை வைத்துச் சோறு போடும் அண்ணனிடம், அதுவும் தர்மகர்த்தாவிடம், சண்டைக்கு இடம் வைக்காமல் பேசினாள்; போக்கிடம் இல்லாதவள் வேறு எப்படிப் பேசுவாள்? தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணிடம்தான் படத்தில் தன்னைச் சுட்டது எது என்று சொன்னாள். அந்தப் பூசாரியைப் பார்த்தபோது நான் மதத்தைப் பார்த்தேன். அவள், நிற்க இடமில்லாத ஒரு பெண்ணைப் பார்த்தாள். அம்மனே வந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவன் கேட்டான். கேட்டவனைக் கும்பிட்டாளோ, அம்மனைக் கும்பிட்டாளோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலும் அவளுடையவைதான். நாலில் இரண்டை எடுத்துக்கொண்டு ஒரு மனுஷியின் மதம் இன்னது என்று தீர்ப்பெழுதியது என் திமிர்.

அந்தப் படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று அன்று எழுந்த கூச்சலையும், சர்க்கார் மறுபடி பார்த்து விட்டுவிட்டதையும், எம். எஸ். எஸ். பாண்டியன் 1991-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரையில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய ஆராய்ச்சி வேண்டியதுதான். ஆனால் சர்க்காருக்கு எழுதப்பட்ட எந்தக் கடிதத்திலும் கொல்லைப் பக்கத்துப் பேச்சு இருந்திருக்காது. அது கடிதம் எழுதுகிற பேச்சு அல்ல.

'திருவிளையாட'லுக்கும் இதே கதைதான். பக்திப் படம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எங்கள் கொட்டகையில் அதிகம் கை தட்டு வாங்கியது எது? கோயிலில் தனியாக நின்றுகொண்டு புலம்பி, வந்தவர் சிவன் என்று தெரியாமல் அவரையே குறுக்கு விசாரணை செய்யும் தருமி. நாகேஷ் அந்த ஏழைப் புலவனை நம் தெருவில் கடன் கேட்டு அலைகிற ஆளாகவே ஆக்கிவிட்டார். அடுத்தபடி, வந்திருப்பது கடவுள் என்று தெரிந்த பிறகும் பாட்டில் குற்றம் குற்றம்தான் என்று நின்ற நக்கீரர். அந்த வேஷத்தை டைரக்டர் நாகராஜனே போட்டுக்கொண்டார். ஊரில் ஒரு மாதத்துக்கு எங்கு பார்த்தாலும் தருமி பேச்சு. நாஸ்திகப் படத்தில் ஒருத்தி கும்பிட்டாள். பக்திப் படத்தில் ஊரே கடவுளோடு வழக்காடினவனுக்குக் கை தட்டிற்று. ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பத்திகளும் இந்த இடத்தில் கிழிந்துபோகின்றன.

வடக்கே 1975-ல் 'ஜெய் சந்தோஷி மா' என்ற படம் வந்தது. சின்ன முதலில் எடுத்த படம். அந்த வருஷத்து 'ஷோலே', 'தீவார்' போன்ற பெரிய படங்களோடு போட்டி போட்டு ஓடிற்று. ஜனங்கள் தியேட்டருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். அம்மன் திரையில் தோன்றியதும் பூவும் காசும் வீசினார்கள். சில இடங்களில் ஆரத்தி எடுத்தார்கள். அதுவரை அவ்வளவு பேர் அறியாதிருந்த அந்த அம்மனுக்கு, வெல்லமும் கொண்டைக்கடலையும் படைத்து வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது ஊர் ஊராகப் பரவிற்று. வீணா தாஸ் போன்ற சமூகவியல்காரர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? எங்கள் அத்தை மாதிரி 'இருந்தது' என்று சொல்லியிருப்பார்கள். வாசலில் கிடந்த செருப்புத்தான் விஷயத்தைச் சொல்லிற்று.

இதெல்லாம் பழைய கதை, வாய்ப் பேச்சுக் காலத்துக் கதை என்று நினைக்கலாம். வாய்ப் பேச்சு எழுத்தாக மாறியதால் விபரீதம் கூடியிருக்கிறது. 2023 டிசம்பரில் 'அன்னபூரணி' என்ற தமிழ்ப் படம் வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் பிரசாதம் சமைப்பவரின் மகள் பெரிய சமையற்கலைஞராக ஆசைப்படுகிறாள். மாமிசத்தைத் தொட வேண்டி வருகிறது. தணிக்கை ஆகி, தியேட்டரில் ஓடியபோது பெரிய சத்தம் இல்லை. மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் கூச்சல் கிளம்பிற்று. ராமர் மாமிசம் உண்டதாக வரும் வசனமும், பிரியாணி சமைக்குமுன் அவள் தொழுகை செய்யும் காட்சியும் காரணம். மும்பையில் போலீஸில் புகார் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் படத்தை நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். தயாரிப்பில் பங்கு கொண்ட கம்பெனி மன்னிப்பும் கேட்டுக்கொண்டது.

படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. அந்தத் தொழுகைக் காட்சி ஒட்டவைத்த காட்சி. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்ணின் மனத்தில் அதற்கு வேர் இல்லை. ஆனால் மடைப்பள்ளியில் வேலை செய்யும் ஒரு தகப்பன், மகளுடைய கைமணத்தில் தன் கையைக் கண்டு பெருமைப்படுவதும், அந்தக் கை போகிற இடத்தைப் பார்த்து நடுங்குவதும் நல்ல விஷயம். பெரிய கலைஞன் கையில் பட்டிருந்தால் பெரிய படமாக ஆகியிருக்கும். அந்த ஒரு மாதத்துச் சண்டையில் இதைப் பற்றி யாராவது பேசினார்களா? கண்டித்தவர்களும் பேசவில்லை, கருத்துச் சுதந்திரம் என்று காப்பாற்ற வந்தவர்களும் பேசவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துப் பேசிக்கொண்டிருந்தன. படம் நடுவில் கிடந்தது.

புண்பட்டேன் என்று எழுதியவர்கள் எல்லோரும் வேஷம் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் 'இரண்டு நாக்கு'க் கதையை மறுபடி எழுதின மாதிரி ஆகும். உண்மையாகவே வருத்தப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒருவன் தன் மனைவியிடம் 'அந்த வசனம் எனக்கு என்னவோ மாதிரி இருந்தது' என்று சொல்வது ஒரு பேச்சு. அதையே ஆயிரம் பேர் பார்க்க எழுதும்போது அது வேறு பேச்சு. போலீஸுக்கு எழுதும்போது முற்றிலும் வேறு. முதல் பேச்சில் அவன் பதில் எதிர்பார்க்கிறான். மனைவி 'அப்படியா, எனக்கு அப்படித் தோன்றவில்லையே' என்றால் யோசிப்பான். கடைசிப் பேச்சில் யோசிக்க இடமே கிடையாது. இந்த மூன்றாவது பேச்சைத்தான் ஜனங்களுடைய மனம் என்று எண்ணிக் கூட்டி, அதன் பேரில் படங்களை எடுக்கிறோம், போடுகிறோம். பேசாமல் பார்த்துவிட்டுப் போனவர்கள் எந்தக் கூட்டலிலும் வருவதில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உங்களுக்கு ஓர் அத்தை போதும், சார். எனக்குப் போதாது. ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் யாரிடம் சொன்னார் என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஓர் அத்தையை வைத்துக்கொண்டு தேசத்தை அளக்க முடியாது என்பது சரிதான். நாவலாசிரியர்கள் அடிக்கடி மறக்கிற விஷயம் அது. மறுபடி அவள் தாள்களைப் புரட்டினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இணையத்தில் இந்த வரிகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில். அந்தப் பதிலுக்கு மூன்றாமவர் பதில். கணக்குப் போடுவதற்குச் சௌகரியமாக இவள் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, கலைத்துப் போட்டிருந்தாள். யாருக்குப் பதில் என்பது வெட்டிய இடத்தில் போய்விட்டது.

"இதைத் திரும்பக் கோக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். ஆறு மாசம் ஆகும்" என்றாள்.

"கோத்துப் பாருங்கள். எதிராளி இருக்கும்போது ஒருவர் எப்படிப் பேசுகிறார், அவர் போன பிறகு எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். தன் நம்பிக்கையைச் சொல்கிறாரா, அடுத்தவன் நம்பிக்கையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். முக்கியமாக அந்த நடுநிலைப் பத்தியை மறுபடி படியுங்கள்" என்றேன்.

"அதில் என்ன சார் இருக்கிறது? 'பரவாயில்லை', 'ஒரு தடவை பார்க்கலாம்' என்று ஒற்றை வார்த்தைகள்தான்" என்றாள்.

எனக்கு 'இருந்துச்சு' ஞாபகம் வந்தது. அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள். கோபமும் பக்தியும் நியாய உணர்ச்சியும் உள்ளவள். ஒரு தரம் நம்பிச் சொல்லி, சொன்னது திண்ணையில் உரக்கப் படிக்கப்பட்டதைக் கேட்டவள். நடுநிலைப் பத்தியில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்ல முடியாது. சிலருக்கு நிஜமாகவே சொல்ல ஒன்றும் இருக்காது. சிலர் எங்கேயோ ஒரு தரம் சுட்டுக்கொண்டவர்கள். அவர்களைக் கருத்தில்லாதவர்கள் என்று எழுதிவிடக் கூடாது. இதை மட்டும் அவளிடம் சொன்னேன்.

தாள்களைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "அந்தக் கதையை மறுபடி சரியாக எழுதினீர்களா, சார்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யாரிடம் சொல்வதாக எழுதுவது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவள் இல்லை.